ஸ்டீராய்டும் தசைநாணும்: ஜிம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டீராய்டு பற்றிப் பேச்சு வந்தாலே கல்லீரல், ஆண்மை, இதயம் மூன்றும் வந்துவிடும். தசையை எலும்போடு கட்டும் நாரான தசைநாண் வருவதில்லை. கையைத் தூக்க முடியாமல் எலும்பு மருத்துவர் முன்னால் உட்காரும்போதுதான் அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே பலருக்குத் தெரிகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் முதல் இடம். மருந்து போடுகிறவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறது. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் மருத்துவருக்கு இது மாற்று இல்லை.

டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டும் ஜிம்மில் பேசப்படும் ஸ்டீராய்டும் ஒன்றா?

இல்லை. ஆஸ்துமா, மூட்டுவாதம், ஒவ்வாமை இவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் கார்ட்டிகோஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்குவது அவற்றின் வேலை. நீண்ட நாள் எடுத்தால் தசை கரையத்தான் செய்யும். ஜிம் பேச்சில் வருவது அனபாலிக் ஸ்டீராய்டு: டெஸ்டோஸ்டிரோன், அதை ஒட்டி ஆய்வகத்தில் செய்த நாண்ட்ரோலோன், ஸ்டனோசோலால், மெத்தாண்டியனோன், ஆக்ஸாண்ட்ரோலோன் போன்றவை. மாடுகளைக் கொழுக்கவைக்கப் பயன்படும் டிரென்போலோனும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி.

வேறு வேறு என்றாலும், தசைநாண் விஷயத்தில் இரண்டிலும் கவனம் வேண்டும். வலிக்கிற இடத்தில் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும்; அதே ஊசி அந்த இடத்து நாரைப் பலவீனப்படுத்தவும் கூடும். ஊசி போட்ட வாரமே பழைய எடையைத் தூக்கப் போவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஸ்டீராய்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை மனப்பிரமையா?

வேலை செய்கிறது. இதை மறைத்துப் பேசினால் மீதி எதையும் யாரும் நம்பப்போவதில்லை. 1996-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 43 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து 10 வாரம் கவனித்தார்கள். மருந்துக் குழுக்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 6.1 கிலோ கூடியது. போலி ஊசி போட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ. மருந்து மட்டும் போட்டுப் பயிற்சியே செய்யாதவர்களுக்குக்கூட ஏறக்குறைய 3 கிலோ.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்த குழுவின் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை, அதாவது தட்டு மாட்டிய கம்பியை, மார்புக்கு மேல் தள்ளும் பயிற்சி) அந்தப் பத்து வாரத்தில் சராசரியாக 22 கிலோ ஏறியது. பத்தே வாரத்தில் 22 கிலோ கூடுதல் பாரம். அந்தப் பாரத்தை எலும்புக்குக் கடத்துகிற நாருக்கும் கிடைத்தது அதே பத்து வாரம்தான்.

அந்த நாருக்குப் பத்து வாரம் போதாதா?

போதாது. தொல்லை தொடங்குவதே இங்கேதான்.

தசையை எலும்போடு கட்டும் வெள்ளைநிற நார்க்கற்றைதான் தசைநாண். பிசியோதெரபிஸ்டுகள் டெண்டன் என்பார்கள். குதிகாலுக்கு மேல் விரலால் பிடித்துப் பார்த்தால் கம்பிபோல நிற்குமே, அந்தக் குதிநாண்தான் உடம்பிலேயே தடிமனானது. நீரை விலக்கிவிட்டால் தசைநாணில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். உயிரணுக்கள் மிகக் குறைவு, ரத்த ஓட்டமும் தசையோடு ஒப்பிட்டால் சொற்பம். தசை சிவப்பாகவும் தசைநாண் வெள்ளையாகவும் இருப்பதற்கு அந்த ரத்தமும் ஒரு காரணம். ரத்தம் குறைந்த இடத்தில் பழுதுபார்ப்பும் மெதுவாகத்தான் நடக்கும்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு உண்டு, 2013-இல் வெளிவந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை ஏற்றிவிட்டன. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் குதிநாணில் அந்தச் சுவடு இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது, பல பத்தாண்டுகள் கழித்தும். குதிநாணின் உட்பகுதி ஏறக்குறைய முதல் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பிறகு அனேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே ஆட்களின் தசையில் அந்தச் சுவடு தங்கியிருக்கவில்லை. தசை தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இதனால் தசைநாண் பயிற்சிக்கு மசியாது என்று ஆகாது. பாரம் கொடுத்தால் விறைப்பு கூடும், ஓரளவு தடிக்கவும் செய்யும். ஆனால் வாரக் கணக்கு இங்கே செல்லாது, மாதக் கணக்குதான். மருந்து இல்லாதவருக்குத் தசையும் மெல்ல வளர்வதால் இரண்டுக்கும் இடைவெளி சிறியது. மருந்து தசையை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஏற்றத்தில் காளையை மாற்றிவிட்டுக் கயிற்றைப் பழையதாகவே விட்ட கதை.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா, வெறும் பயமுறுத்தலா?

உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 35 முதல் 55 வயதுள்ள, பல ஆண்டு எடைப்பயிற்சி செய்த 142 ஆண்களை விசாரித்தார்கள். ஸ்டீராய்டு எடுத்த 88 பேரில் 19 பேருக்கு, அதாவது 22 விழுக்காட்டினருக்கு, வாழ்நாளில் ஒரு தசைநாணாவது அறுந்திருந்தது. எடுக்காத 54 பேரில் 3 பேருக்கு, 6 விழுக்காடு. கை, தோள், மார்பு என்று மேலுடம்பில் அறுந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்டீராய்டு எடுத்தவர்களே.

மூன்று எச்சரிக்கைகளோடு இதைப் படிக்க வேண்டும். ஆட்கள் குறைவு. பழைய நினைவிலிருந்து சொன்ன தகவல். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதிக எடையும் தூக்குவார்கள் என்பதால், மருந்து எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மருந்து நாரையே நேரடியாகக் கெடுக்கிறதா என்பதில் பதில் இன்னும் முழுசாக வரவில்லை. மருந்தும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் தசைநாண் அதிக விறைப்பாகி, குறைவாக நீண்டு, சீக்கிரம் அறுந்தது. மனிதர்களில் அறுந்த நாரை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த சிறிய ஆய்வு ஒன்றில், எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் கொலாஜனில் வித்தியாசம் தெரியவில்லை. என் கணிப்பு: நேரடிக் கெடுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே சொன்ன வேக வித்தியாசம் ஒன்றே ஆளைச் சாய்க்கப் போதுமானது.

எங்கே அறுகிறது, எப்போது அறுகிறது?

அதிகம் கேள்விப்படுவது மார்புத் தசைநாண். மேற்கையின் முன்தசையான பைசெப்ஸ் முழங்கையில் ஒட்டும் இடம் அடுத்தது. பிறகு மேற்கையின் பின்தசையான டிரைசெப்ஸ், தொடையின் முன்தசை முழங்கால்சில்லில் ஒட்டும் இடம், சில்லுக்குக் கீழே உள்ள நாண்.

பெஞ்ச் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அறுவது தள்ளும்போது அல்ல, இறக்கும்போது. பார் மார்பை நெருங்குகிறது. முழங்கைகள் முதுகுத் தளத்துக்கும் கீழே போய்விட்டன. மார்புத் தசையின் கீழ்ப்பக்க இழைகள் முழு நீளத்துக்கு இழுபட்ட நிலையில், அதே இழைகள் பாரத்தையும் பிடித்துநிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் அக்குள் பக்கம் ‘டப்’ என்று ஒன்று விட்டுப்போகும். பார் ஒருபக்கமாகச் சாயும். முதலில் வலியைவிட, கை தன் கையே இல்லை என்கிற உணர்ச்சிதான் வந்தது என்று சிலர் சொல்வார்கள். மறுநாள் மேற்கையின் உட்புறம் முழுக்கக் கருநீலமாக ரத்தக்கட்டு இறங்கியிருக்கும். கண்ணாடி முன் கையை விரித்து நின்றால், அக்குளின் முன்விளிம்பில் இருக்கவேண்டிய திரட்சி ஒருபக்கம் காணாமல் போயிருக்கும்.

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டில் ஒரு கை மேல்பார்த்தும் ஒரு கை கீழ்பார்த்தும் பிடிக்கிறவர்களுக்கு, உள்ளங்கை முன்னால் பார்க்கும் கையில்தான் பைசெப்ஸ் அறுகிறது. இழுக்கும்போது முழங்கையை லேசாக மடக்கினால் ஆபத்து இன்னும் கூடும்.

அறுந்ததா, வெறும் பிடிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சத்தம் கேட்டது, உடனே வலிமை போனது, ஒன்றிரண்டு நாளில் பெரிய ரத்தக்கட்டு, தசையின் உருவம் மாறியது. இவற்றில் இரண்டு இருந்தாலே பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும்.

தாமதம் ஏன் கூடாது என்றால், அறுந்த நுனி எலும்பை விட்டு மேலே சுருண்டுபோய் வடுத் திசுவில் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைத்துக் கட்டுவது எளிது. மாதங்கள் கழித்துப் போனால் வேறிடத்து நாரை எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரலாம். முழங்கையில் அறுந்த பைசெப்ஸைத் தைக்காமலே விடுபவர்களும் உண்டு. கை மடங்கும், அன்றாட வேலை நடக்கும், ஆனால் திருகாணியை முடுக்குவது போன்ற திருகும் வலிமையில் ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விடும்.

எனக்கு வலியே இல்லையே. பிறகென்ன பயம்?

வலி நம்பத்தகுந்த காவல்காரன் இல்லை. திடீரென அறுந்த 891 தசைநாண்களை நுண்ணோக்கியில் சோதித்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், 97 விழுக்காட்டில் ஏற்கெனவே சிதைவு இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு முன்கூட்டி எந்தத் தொந்தரவும் இல்லை.

‘டெக்கா போட்டால் மூட்டு வலி போகும், வின்ஸ்ட்ரால் மூட்டை உலர்த்தும்’ என்கிறார்களே?

டெக்கா என்பது நாண்ட்ரோலோன், வின்ஸ்ட்ரால் என்பது ஸ்டனோசோலால். 1988 சோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனின் சிறுநீரில் அகப்பட்டது ஸ்டனோசோலால்தான். நாண்ட்ரோலோன் போட்டபின் மூட்டு இதமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலி தணிந்தால் நார் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி தணிந்த தோளில் என்ன நடக்கும்? அடுத்த வாரமே எடை ஏறும். நாண்ட்ரோலோனின் கழிவு சிறுநீரில் பல மாதம் தங்கும் என்பதைப் போட்டிக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்தால் சரி.

கம்மி டோஸ், சின்ன சைக்கிள் (சில வாரம் மட்டும் மருந்து எடுத்து நிறுத்தும் சுற்று) என்றால் பரவாயில்லையா?

டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்றால் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. கள்ளச் சந்தைச் சரக்கில் அளவு கூடும், குறையும், மருந்தே வேறாகவும் இருக்கும். அது ஒருபுறம் இருக்க, சைக்கிள் சின்னதென்றால் அதற்குள் முடிந்தவரை தூக்கிவிட வேண்டும் என்ற அவசரம் பெரிதாகிறது. தசைநாணுக்கு இதைவிடப் பொருந்தாத அட்டவணை கிடையாது.

ஊசி போடாமல் மாத்திரை மட்டும்?

வாய்வழி எடுக்கும் பெரும்பாலான அனபாலிக் மாத்திரைகள் கல்லீரலில் எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்டவை. அந்த மாற்றமே கல்லீரலுக்குச் சுமை. ஊசியில் அந்தச் சுமை குறைவு. அதற்குப் பதில் சீழ்க்கட்டி. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி.

சார்ம்ஸ், ‘நேச்சுரல்’ பூஸ்டர் பவுடர் இவை பாதுகாப்பானவையா?

சார்ம்ஸ் என்பவை ஸ்டீராய்டு அல்லாமலே ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்துகள். அவற்றில் எதுவும் தசை வளர்க்கும் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டதில்லை. கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. பவுடர் விஷயத்தில், ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துணவுப் பொருட்களைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டது. 94 பொருட்களில், ஏறக்குறைய 15 விழுக்காட்டில், டப்பாவில் சொல்லாத அனபாலிக் சரக்கு கலந்திருந்தது. போட்டியாளர் என்றால் மூன்றாம் தரப்புச் சோதனை முத்திரை இல்லாத எதையும் தொடாதீர்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஏதாவது சொல்லுங்கள், திட்டாமல்.

முதலில் ஒரு மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கிடைத்தால் நல்லது. ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்தத்தின் அடர்த்தி, கல்லீரல், ஹார்மோன் அளவு, எக்கோ எனும் இதய ஸ்கேன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்து, சோதனை நேரத்திலும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதயத்தின் ரத்தம் தள்ளும் திறன் சராசரி ஏறக்குறைய 49 விழுக்காடு என்ற அளவிலும், எடுக்காதவர்களுக்கு 63 விழுக்காடு என்ற அளவிலும் இருந்தது. எக்கோ கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

திடீரென நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க மறந்துபோன காலத்தில் சோர்வும் மனச்சோர்வும் கடுமையாக வரலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனவர்கள் உண்டு. அதனால் நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்யுங்கள், நண்பர் எழுதித்தந்த மாத்திரைப் பட்டியலை வைத்து அல்ல.

தசைநாணைப் பொறுத்தவரை உடனே செய்யக்கூடியது: ஒரே ஒரு ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது) உச்ச எடை முயற்சிகளை விடுங்கள். எடையைத் தசை கேட்கிறபடி ஏற்றாமல் நாட்காட்டி பார்த்து ஏற்றுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எழுதுகிறாரா என்று கேளுங்கள். தசைநாணை அறுக்கக்கூடியவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் அவற்றின் மேல் கறுப்புக்கட்ட எச்சரிக்கை எனும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடவைத்தது. பிரெட்னிசோலோன் போன்றவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். வேறு மருந்து கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

குழந்தைப்பேறு?

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைப்பைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும். விந்தணு குறையும், அறவே நிற்கவும் கூடும். நிறுத்தியபின் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேல்.

பெண்கள் எடுத்தால்? பதினேழு வயதுப் பையன் எடுத்தால்?

பெண்களுக்குக் குரல் தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். வளர்கிற வயதில் எடுத்தால் எலும்பின் வளர்தகடுகள் முன்னதாகவே மூடிக்கொள்ளும், உயரம் அத்தோடு நின்றுவிடும். அந்த வயதில் கேட்கிறவனிடம் உயரத்தைச் சொன்னால் காது கொடுப்பான். இதயத்தைச் சொன்னால் கொடுக்கமாட்டான்.

சரி, மருந்தில்லாமல் தசைநாணையும் காப்பாற்றி வலிமை ஏற்றுவது எப்படி?

கனமான எடையே ஆபத்து, லேசாகவே செய்வோம் என்று சிலர் முடிவெடுப்பார்கள். தசைநாண் விஷயத்தில் அது தப்பு. தசை வளர லேசான எடையும் போதும், களைப்பின் விளிம்புவரை போனால். தசைநாண் உறுதிப்பட வேண்டுமானால் கனம் வேண்டும்: அதிகபட்சம் தூக்கக்கூடியதில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு மேல், மூன்று மாதமாவது தொடர்ந்து. ஆக, கனமான எடைக்குப் போகத்தான் வேண்டும். போகிற வேகம்தான் கேள்வி.

நடைமுறையில் நான் சொல்வது இது. ஒரு எடையில் ஐந்து ரெப் சிரமப்பட்டு வருகிறதென்றால் ஏற்றாதீர்கள். அதே எடையில் எட்டு ரெப், கடைசி ரெப்பும் முதல் ரெப் போலவே வந்து, அது இரண்டு மூன்று வாரம் நிலைத்தபிறகு, இருக்கிற மிகச்சிறிய தட்டைச் சேருங்கள். இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் பாரை மார்பில் மோதித் துள்ளவிடாமல் ஒரு நொடி நிறுத்துங்கள். இந்த இரண்டையும் செய்தால் தூக்கும் எடை பத்து, பதினைந்து விழுக்காடு குறையும். பக்கத்து ஆள் பார்ப்பாரே என்ற கூச்சத்தில் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

ஒரே தசைநாணுக்குக் கனமான நாட்களுக்கிடையே குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். பயிற்சி முடிந்த முதல் நாள், ஒன்றரை நாள் கொலாஜன் சிதைவதுதான் அதிகம், கட்டுவது அதன்பிறகுதான் முந்துகிறது. கட்டுவதற்குள் மறுபடி உடைத்தால் கணக்கு நட்டத்தில்தான் முடியும். தினமும் ஜிம் போக ஆசையா, தினமும் போங்கள், வேறு வேறு மூட்டுக்கு. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போது தசை பழைய எடையைச் சீக்கிரம் நினைவுகூரும். முதல் ஆறு வாரம் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். டெட்லிஃப்ட்டில் இரு உள்ளங்கையும் உடம்பைப் பார்த்தபடி பிடிக்கப் பழகி, பிடி நழுவினால் மணிக்கட்டையும் பாரையும் கட்டும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் அளவு போதும் என்று 2018-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அதற்கு மேல் சராசரியில் பெரிய பலன் தெரியவில்லை. கிரியாட்டின் என்ற சத்துப்பொடி நாளுக்கு 3 முதல் 5 கிராம். அது ஸ்டீராய்டு இல்லை.

தசைநாண் ஏற்கெனவே வலிக்கிறது. முழு ஓய்வு எடுக்கலாமா?

அறுந்ததற்கும் வலிப்பதற்கும் வழி வேறு. வலிக்கிற தசைநாண் முழு ஓய்வில் இன்னும் மெலியும். இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி, மெதுவாகவும் கனமாகவும் பாரம் கொடுப்பது. குதிநாண் என்றால் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். மூன்று நொடியில் மேலே எழும்பி, மூன்று நொடியில் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். வாரம் மூன்று நாள். தொடக்கத்தில் 15 ரெப் வருகிற எடை, வாரங்கள் போகப்போக ரெப் குறைந்து எடை கூடி, 12 வாரத்தில் 6 ரெப் வரை.

செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருந்தால் பாதகமில்லை. மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடிகளைக் கவனியுங்கள். நேற்றைவிட விறைப்பும் வலியும் கூடியிருந்தால் பாரம் அதிகமாகிவிட்டது, ஒருபடி இறங்குங்கள்.

கொலாஜன் பவுடர்?

வைட்டமின் சி-யோடு சேர்த்துப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் 15 கிராம் ஜெலட்டின் எடுத்தவர்களின் ரத்தத்தில் கொலாஜன் உருவாகும் அடையாளம் கூடியது என்று ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. ஆள் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். கெடுதல் இல்லை, பணம் இருந்தால் எடுங்கள். பயிற்சி அட்டவணையைத் திருத்தாமல் இதை மட்டும் எடுப்பதில் பயனில்லை.

மார்புத் தசைநாண் அறுந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. மறுபடி எப்போது பெஞ்ச் பிரஸ்?

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில். பிறகு பிசியோதெரபிஸ்ட் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கவைப்பார், ஏறக்குறைய மூன்று மாதத்தில் லேசான பாரம். கனமான பெஞ்ச் பிரஸ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். உங்கள் சர்ஜன் இன்னும் தள்ளிச் சொன்னால் அவர் சொல்வதே கணக்கு. திரும்பும்போது பாரை மார்புவரை கொண்டுபோகாமல், மார்பின் மேல் ஒரு கட்டையையோ சுருட்டிய டவலையோ வைத்து முழங்கைகள் முதுகுத் தளத்தோடு நிற்கும்படி செய்யலாம். அந்தச் சமயத்தில் சைக்கிளை மறுபடி தொடங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தைத்த நார் எலும்பில் ஒட்டிப் பிடிக்கும் மாதங்களில் தசையை வீங்கவைப்பது, போட்ட தையலை இழுத்துப் பார்ப்பது போலத்தான். எந்த சர்ஜனும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்.